சேரா எண்ணெய்

வெளுத்த துணியை வாங்கிவர வல்லிபுரம் எப்போதும் வேலைக்காரனைத்தான் அனுப்புவார். அப்படிப்பட்டவர் வெள்ளைக் காற்சட்டையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸ் ஆற்றங்கரைச் சேற்றை மிதித்து, சலவைக்காரர்கள் குடியிருக்கும் டோபி லைனுக்குள் தானே நடந்து வந்தால் தங்கமணிக்கு நெஞ்சு திக்கென்று அடிக்காமல் என்ன செய்யும்?

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். போன மாதம் இதே பெட்டி அவருடைய கோட்டுக் கையைப் பழுப்பாகத் தீய்த்துவிட்டது. அன்றைக்கு வேலைக்காரன் வாயிலாக அவர் சொல்லியனுப்பிய சொல் இன்னும் அவள் காதில் இருந்தது: 'அந்த டோபிச்சிக்கு முதல்ல கண்ணைச் சோதிக்க வேணும்.'

"துணி நாளைக்குத்தாங்க ஐயா ஆவும்" என்றாள்.

"துணிக்கு வரேல்ல." வல்லிபுரத்தின் பார்வை அவளைத் தாண்டி, சாக்குத் திரைக்குப் பின்னால் போயிற்று. "அய்யாவுவின்ர கால் எப்பிடிக் கிடக்கு?"

தங்கமணி சாக்குத் திரையை இழுத்து மூடினாள்.

அவள் புருஷன் அய்யாவுவுக்குக் கெண்டைக்காலில் ஆறாப் புண். துவைகல்லில் இடித்த சின்னக் காயம்தான். ஆற்றுத் தண்ணீரில் நின்று நின்று அது உள்ளங்கையளவு குழியாகிப் போனது. இந்தச் சங்கதி டோபி லைனைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்று அவள் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சீழ் ஒழுகுகிற வீட்டில் எந்தக் குடும்பம் துணி போடும்? ரயில்வே குவார்ட்டர்ஸில் எவருக்கும் தெரியாது. அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிற இந்த யாழ்ப்பாணத்துக் கிராணிக்கு மட்டும் எப்படித் தெரியும்?

"யாருங்க சொன்னா உங்களுக்கு?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து இஸ்திரி மேசைமேல் வைத்தார். பழுப்புக் கண்ணாடி. மேலே பேர் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். பசையின் தடம் மட்டும் இருந்தது.

"புண்ணைக் கழுவிப்போட்டு, இதில துணியை நனைச்சுக் கட்டு. காலமையும் பின்னேரமும். ஆஸ்பத்திரியில சொல்லாதே. ஒருத்தருக்கும் சொல்லாதே."

"என்னா மருந்துங்க?"

"நல்ல மருந்து" என்று சொல்லிவிட்டு மனிதர் போயே போய்விட்டார்.

அடுத்த நொடி, பக்கத்து அறை சீதாலெட்சுமி கொடித்துணியை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் காதுக்குச் சுவரெல்லாம் ஒரு பொருட்டில்லை.

"அக்கா, அந்தக் குப்பிய அப்படியே ஆத்துல வீசு. அந்த ஆளு இருக்கற கட்டடத்துல என்னா பண்றாங்க தெரியுமா? கிருமி வளக்குறாங்க!"

"என்னாடி ஒளர்ற?"

"ஆடு மாடு வளக்கற மாதிரி, தீனி போட்டு வளக்குறாங்களாம்! எங்க வூட்டுக்காரரு அங்கதானே தோட்ட வேல. முயலு வச்சிருக்காங்க, எலி வச்சிருக்காங்க. இவரு புல்லைக் கட்டுக்கட்டா வெட்டச் சொல்லுவாராம். முயலுக்கா இருக்கும்னு வெட்டிக் குடுத்தா, முயலுக்குப் போடாம அண்டாவுல போட்டு அவிக்கிறாராம். புத்தி சரியா இருக்கிற ஆளு பண்ற வேலையா இது?"

தங்கமணி குப்பியைக் கையில் எடுத்தாள். வீசவில்லை. வீசுவதற்கு அவளிடம் வேறு மருந்து இருந்தால்தானே?

ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் துரை தெளிவாகச் சொல்லிவிட்டார். புண்ணுக்குக் கட்டுப்போடுகிற டிரெஸர்தான் அதைத் தமிழில் சொன்னார்: 'மாசக் கடைசி வெள்ளிக்கிழமை கூட்டிக்கிட்டு வா. புண்ணு இப்படியே இருந்தா முழங்காலுக்குக் கீழே எடுத்துருவாங்க.' ஆற்றில் நின்று துணி அடிக்கிறவனுக்கு ஒரு காலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அன்று முதல் அய்யாவு தூக்கத்தில்கூடக் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மூடியைத் திறந்தாள். எலுமிச்சை மணம் குப்பென்று எழுந்தது. மருந்துக்கு எதற்கு வாசனை? எதையோ மறைக்கத்தானே மணம் சேர்ப்பார்கள்! முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டு, வேலையைப் பார்த்தபடி காத்திருந்தாள். முதலில் குளிர்ந்தது, பிறகு லேசாகச் சுட்டது. தோல் சிவக்கவில்லை, தடிக்கவில்லை. சாயங்காலம் புருஷன் காலைக் கழுவி, துணியை அந்த எண்ணெயில் நனைத்துக் கட்டினாள்.

புண் மருந்துக்குக் கேட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது!

முதலில் நாற்றம் போயிற்று. பிறகு ஈ வருவது நின்றது. சில நாளில் குழியின் விளிம்பில் குழந்தையின் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. அய்யாவு எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மீன் குழம்பு கேட்டான்.

"என் காலு எலுமிச்சங்கா ஊறுகா மாதிரி மணக்குதுடி. பசிக்குது."

"வாயி நல்லாத்தான் இருக்கு. காலைத்தான் பாக்கணும்" என்றாள். சிரித்தாலும் அவள் மனம் சிரிக்கவில்லை. தன் கோட்டைத் தீய்த்தவளுக்கு, சும்மா, திருட்டுத்தனமாக, பேரைச் சுரண்டிய குப்பியில் ஒரு கிராணி ஏன் மருந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும்?

அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். அந்தப் பஞ்சைப் புண்ணுக்குள் வைத்து உருட்டி, கண்ணாடிக் குழாயொன்றில் போட்டு அடைத்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்குங்க ஐயா?"

"பாக்கிறதுக்கு."

"எதைப் பாக்க?"

"இருக்கோ, செத்துப்போச்சோ எண்டு பாக்க."

செத்துப்போனது யார் என்று பார்க்க? தங்கமணி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தலை மறைந்ததும் சீதாலெட்சுமியின் தலை முளைத்தது.

"சீழை எடுத்துக்கிட்டுப் போறாரா? போச்சு போ! தலைமுடி, நகம் கேப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். சீழைக் கேக்கற செய்வினையை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அய்யாவுவின் தம்பி சின்னையா அங்கேதான் துணிகளுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தான். "அண்ணி, நல்லா ஆயிக்கிட்டு வர்றதைக் கெடுக்காதீங்க. அவரு பாத்துட்டுப் போறாரு, வுடுங்க" என்றான். மூங்கில் முனையை மைச்சிரட்டையில் தோய்த்து, இன்ன வீட்டுத் துணி என்று தெரிய ஓரத்தில் புள்ளியும் கோடுமாக இழுத்துக்கொண்டே போனான்.

அந்த வாரமே கிள்ளானிலிருந்து ஆள் வந்தது. தங்கமணியின் தங்கைக்குப் பிரசவ வலி. பக்கத்தில் பெண்துணை கிடையாது. போகவும் மனமில்லை, போகாமலிருக்கவும் முடியவில்லை. குப்பியில் அடியில் ஒரு விரல் உயரம்தான் எண்ணெய் இருந்தது.

"கிராணி வேற கொண்டாந்து தரேன்னு சொல்லியிருக்காரு. வந்தா வாங்கி வையி. ரெண்டு வேளையும் நீதான் கட்டணும்" என்று சின்னையாவிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

தங்கைக்கு ஆண் குழந்தை. புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தாள். லைன் முனையிலேயே புருஷன் அலறல் கேட்டது.

ஓடினாள்.

அய்யாவு பாயைக் கையால் பிறாண்டிக்கொண்டு கிடந்தான். கட்டு அவிழ்ந்து கிடந்தது. கால் வீங்கிப் பளபளத்தது. புண்ணைச் சுற்றித் திராட்சைக் குலை மாதிரிக் கொப்புளங்கள். சில உடைந்து நீர் வடிந்தது. விளிம்பு நெடுகக் கறுப்பாக ஒரு கறை.

மாடத்தில் குப்பி இருந்தது. அதில் அடியில் ஒரு விரல் இல்லை. முக்கால் குப்பி!

"கிராணி வந்தாராடா?"

"வந்தாரு அண்ணி." சின்னையா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னாத்தைப் போட்டே?"

"அவரு... அவரு சொன்ன மருந்துதான் அண்ணி."

மூடியைத் திறந்து முகர்ந்தாள். எலுமிச்சை மணம் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. கசப்பாக, கருகலாக, பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த நெடி. கொஞ்சம் ஒரு கந்தலில் ஊற்றிப் பார்த்தாள். எண்ணெய் கறுத்திருந்தது.

சேராங்கொட்டை!

டோபி வீட்டுக்காரிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். துணிக்குக் குறி போடுகிற மை அந்தக் கொட்டையின் பால்தான். ஒரு தடவை பட்டால் துணி கிழிந்தாலும் குறி போகாது. ஆகாத உடம்பில் பட்டால் வெந்து கொப்புளித்துவிடும். பச்சைப் புண்ணில் அதை விட்டால் என்ன ஆகும் என்பது கண்ணெதிரே கிடந்து கத்திக்கொண்டிருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. முதல் குப்பி ஆசை காட்ட. இரண்டாவது குப்பி வேலையை முடிக்க. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே நாள். இந்தக் காலைப் பார்த்தால் துரை யோசிக்கவா போகிறார்?

காலைத் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, சீதாலெட்சுமியைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டாள்.

"அண்ணி, வேணாம் அண்ணி. கொஞ்சம் நில்லுங்க" என்று பின்னாலேயே ஓடிவந்தான் சின்னையா. அவள் நிற்கவில்லை.

அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டு வாசலில் வல்லிபுரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். தங்கமணி குப்பியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். குரலைத் தணிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"இது நீங்க குடுத்த குப்பிதானே?"

"ஓம். நான் குடுத்தது."

"உள்ள இருக்கறது என்னா எண்ணெய்? இப்பச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சேரா எண்ணெய். நான்தான் வடிச்சு எடுத்தனான். ஏன் இஞ்ச வந்து சத்தம் போடுறாய்?"

அப்படியே ஒத்துக்கொண்டுவிட்டான்! கொஞ்சமாவது கூசினானா?

"சேராவைப் புண்ணுல ஊத்தச் சொன்னீங்களா? ஒரு கோட்டு தீஞ்சதுக்கு ஒரு ஆளோட காலா? வெந்து கெடக்கு ஐயா எங்க வூட்டுக்காரரு காலு! நீங்க நல்லா இருப்பீங்களா?"

"வெந்து கிடக்கோ? சேரா ஏன் வேகுது? என்ன கதை கதைக்கிறாய்?"

சத்தம் கேட்டு வல்லிபுரத்தின் மனைவி பூமணி அகப்பையும் கையுமாக வெளியே வந்தாள். "என்ன பிரச்சினை இஞ்ச? சேராவுக்கோ சண்டை? நான் இப்பதானே சேரா போட்டுக் கறி வைச்சனான்."

தங்கமணி ஓரடி பின்வாங்கினாள். "சேராவைக் கறியிலயா போட்டீங்க?"

"வேறென்னத்தில போடுறது?"

"சாப்பிட்டீங்களா?"

"பிள்ளையள் இப்பதான் சாப்பிட்டுப் போட்டு விளையாடப் போயிட்டுதுகள். ஏன் பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறாய்?" பூமணி பின்பக்கம் போய், ஒரு கையில் எதையோ பிடுங்கிக்கொண்டு வந்தாள். நீளமான தாள்கள், அடியில் வெளுத்த தண்டு. நசுக்கி அவள் மூக்கருகே பிடித்தாள். "இதுதான் சேரா. மணந்து பார்."

எலுமிச்சை மணம்.

"இது... இது செராய் ஆச்சே!" கம்பத்துக் குடிசைகளிலிருந்து மலாய்க்காரிகள் கொண்டுவந்து பாசார்ச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிற புல். ஆற்றங்கரை முழுக்க மண்டிக் கிடக்கிற புல்.

"மலாய்க்காரருக்குச் செராய். எங்களுக்குச் சேரா. உங்கட ஊரில என்னெண்டு சொல்லுவினம் எண்டு எனக்கென்ன தெரியும்?"

"எங்க ஊருல சேரான்னா சேராங்கொட்டைங்க. துணிக்குக் குறி போடுறது. உடம்புல பட்டா வெந்து போயிரும்."

வல்லிபுரத்தின் முகம் மாறியது. "சேங்கொட்டையோ! அதையோ புண்ணில விட்டது?" குப்பியைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நான் நேற்று வெறுங்கையோடதான் வந்தனான். புது எண்ணெய் இன்னும் வடிச்சு முடியேல்ல. இதுக்குள்ள ஆர் என்னத்தை ஊத்தினது?"

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். படிக்கட்டின் கீழே சின்னையா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

"நான் கேட்டேன் அண்ணி. நேத்து இவரு வந்தப்ப, இது என்னா எண்ணெய்ங்கன்னு கேட்டேன். சேரா எண்ணெய்ன்னாரு. அட, நம்ம கிட்டயே மூட்டை இருக்கே, இவரு எப்பக் கொண்டாந்து எப்பப் போடறதுன்னு... ஊருல வைத்தியரு சேராங்கொட்டையோட வெஷத்த முறிச்சு ரணத்துக்குப் போடுவாருல்ல? அதான் போலன்னு நெனச்சேன். வறுத்து எறக்கி, இருந்த எண்ணெயோட கலந்துட்டேன். அண்ணன் கத்துனப்பதான் தெரிஞ்சிச்சு. சொல்றதுக்கு வாயி வரல."

அவனை அடிக்கத் தங்கமணி கையை ஓங்கினாள். ஓங்கிய கை தானே இறங்கிவிட்டது. அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அதெல்லாம் பிறகு" என்றார் வல்லிபுரம். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினார். "வெள்ளிக்கிழமை டாக்டர் அந்தக் காலைக் கண்டால் அறுக்கச் சொல்லுவார். என்னோட வா. ஒண்டு காட்ட வேணும். பின்பக்கத்தால வா."

பின்பக்கம்! டோபிச்சிக்கு என்றால் அதுதானே வழி? இவ்வளவுக்குப் பிறகும் அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் போனாள். சின்னையாவையும் கூடவே இழுத்துக்கொண்டு போனாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். பின் வராந்தாவில் ஒரு செம்பு அண்டா. மூடியிலிருந்து வளைந்து போகிற குழாய். பக்கத்தில் கட்டுக்கட்டாய்ச் செராய். புல்லை அவிக்கிறார் என்று சீதாலெட்சுமி சொன்னது பொய்யில்லை. ஆவி குழாயில் குளிர்ந்து சொட்டினால், தண்ணீருக்கு மேலே எண்ணெய் மிதக்குமாம்.

உள்ளேயிருந்து வல்லிபுரம் வட்டமான கண்ணாடித் தட்டுகளைக் கொண்டுவந்தார். மூடியைத் திறக்காமல் காட்டினார். பழுப்பான கட்டி, அதன்மேல் உப்பு தூவியது போல் மஞ்சள் புள்ளிகள்.

"இது அகார்-அகார்தானே? பாசார்ல விக்கிற பலகாரம்?" என்றாள் தங்கமணி.

"அதேதான். சீனிக்குப் பதிலா இறைச்சி அவிச்ச சாறு. இந்தப் புள்ளி ஒவ்வொண்டும் ஆயிரமாயிரம் கிருமி. உன்ர புருஷன்ர காலில இருந்து ஆஸ்பத்திரிக்காரர் எடுத்து இஞ்ச அனுப்பினது. குழாயில பேர் இருந்தது. அதாலதான் எனக்குத் தெரியும்."

அடுத்த தட்டைக் காட்டினார். அதிலும் மஞ்சள் மண்டியிருந்தது. ஆனால் நடுவில், வெள்ளிக்காசு அளவுக்கு, கழுவித் துடைத்தது போல ஒரு வட்டம் வெறுமையாக இருந்தது.

"அந்த இடத்தில ஒரு சொட்டுச் சேரா எண்ணெய் வைச்சனான். கிட்ட ஒண்டும் முளைக்கேல்ல."

"எப்படிங்க சாவுது? வெஷமா?"

வல்லிபுரம் தட்டை அவள் பக்கம் சாய்த்தார். "கிருமிக்கும் ஒரு தோல் இருக்கு. அதில கொழுப்புச் சேர்ந்திருக்கு. எண்ணெய் தண்ணியோட சேராது, கொழுப்போட சேரும். இந்த எண்ணெய் அந்தத் தோலுக்குள்ள ஊறி, அதை இளக்கிப் போடும். தோல் பொத்துப்போனால் உள்ளுக்க இருக்கிறதெல்லாம் வெளியில ஒழுகிப் போயிரும். பிறகு கிருமி வெறும் கோதுதான்."

"கண்ணால பாத்தீங்களா?"

"கோதை மைக்ரோஸ்கோப்பில பாத்தனான். ஒழுகினதைப் பாக்கேல்ல. அது நான் நினைக்கிறது." அவர் இன்னொரு தட்டைத் தள்ளினார். அதில் பச்சை நிறம் பரவியிருந்தது. சொட்டு வைத்த இடத்திலும் விடவில்லை. "எல்லாம் சாகாது. இது வேற ஆள் ஒருத்தற்ர கிருமி. இது எண்ணெயைக் கணக்கெடுக்கவே இல்லை. உன்ர புருஷன்ர புண்ணில இருந்தது மஞ்சள்தான். அது அவன்ர அதிஷ்டம். எண்ணெயைத் தனிய விட்டால் மனுசத் தோலையும் கடிக்கும். அதாலதான் தேங்காயெண்ணெயில கலந்து தந்தனான்."

கடைசித் தட்டு, அவள் கிள்ளானுக்குப் போகுமுன் அவர் பஞ்சால் உருட்டி எடுத்துப்போனதிலிருந்து வளர்த்தது. அதில் ஒரு ஓரத்தில் மட்டும் மூன்று நான்கு மஞ்சள் புள்ளிகள்.

"கிருமி போயிட்டுது. இப்ப இருக்கிறது வெந்த கொப்புளம்தான். ஆனால் டாக்டருக்கு அது தெரியாது."

"இந்தத் தட்டைக் காட்டினா தெரியுமில்ல?"

வல்லிபுரம் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "காட்டினால், எண்ணெயை ஆர் குடுத்தது எண்டு கேப்பார். உத்தரவில்லாமல் ஒரு நோயாளிக்கு மருந்து குடுத்தால் என்ர வேலை போயிரும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, அய்யாவுவைக் கைவண்டியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தங்கமணி வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வல்லிபுரம் வரவில்லை. வரமாட்டார். எந்தக் கிராணி ஒரு டோபியின் காலுக்காகத் தன் உத்தியோகத்தைப் பணயம் வைப்பான்?

துரை கட்டை அவிழ்த்தார். கொப்புளங்களைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது. டிரெஸரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டிரெஸர் தங்கமணியின் முகத்தைப் பார்க்காமல், "உள்ள கொண்டுபோகச் சொல்றாரு" என்றார்.

அய்யாவு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம்னு சொல்லுடி."

"துரை!" என்றாள். குறுக்கே போய் நின்றாள்.

அப்போது கதவு திறந்தது. வல்லிபுரம் மூச்சு வாங்க நின்றார். கையில் கண்ணாடித் தட்டுகள். அவற்றைத் துரை முன்னால் வைத்தார். துரை குனிந்து பார்த்தார், எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், காலைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். பிறகு வல்லிபுரத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும், அந்தக் குரலில் இருந்த கத்தி தங்கமணிக்குத் தெரிந்தது.

வல்லிபுரம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"நான்தாங்க!" என்று கத்தினாள் தங்கமணி. "டிரெஸர் ஐயா, துரைகிட்ட சொல்லுங்க. நான்தான் கிராணி ஐயாகிட்ட கெஞ்சுனேன், புண்ணுல கிருமி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கன்னு. இவரு வூட்டுத் துணிய நான்தான் வெளுக்கிறேன். பாவம்னு பாத்தாரு."

டிரெஸர் சொன்னார். துரை இன்னொன்று கேட்டார்.

"என்ன மருந்து போட்டேன்னு கேக்கறாரு."

"செராய் எண்ணெய்ங்க. எங்க வூட்டுப் பழக்கம். நான்தான் காச்சுனேன். கொப்புளம் அதுனால இல்ல. டோபி வூடு, குறி போடுற மை கைத்தவறிக் கால்ல பட்டிருச்சு."

பின்னால் நின்ற சின்னையா தலையைக் குனிந்துகொண்டான். துரை தங்கமணியையே சற்று நேரம் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, தட்டில் வெறுமையாக இருந்த இடத்தை நகத்தால் தட்டினார். புண்ணின் அடியில் இளஞ்சிவப்பான சதையை விரலால் அமுக்கிப் பார்த்தார். கடைசியில் டிரெஸரிடம் இரண்டு வார்த்தை சொன்னார்.

டிரெஸர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "அறுக்க வேணாமாம். கொப்புளம் வத்தட்டும், பாக்கலாங்கறாரு."

அய்யாவு கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது.

வாசலில், கைவண்டிக்குப் பக்கத்தில், வல்லிபுரம் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "தங்கமணி... நீ இப்ப செய்தது பெரிய உபகாரம்."

"அதெல்லாம் இருக்கட்டுங்க. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. மொத மொத அந்தக் குப்பிய எடுத்துக்கிட்டு வந்தீங்களே, எங்க வூட்டுக்காரரு காலு நல்லாவணும்னு வந்தீங்களா? இல்ல, உங்க தட்டுல செத்தது மனுசன் புண்ணுலயும் சாவுதான்னு பாக்க ஒரு ஆளு வேணும்னு வந்தீங்களா?"

வல்லிபுரம் ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்தார். பிறகு கைவண்டியில் கிடந்தவனின் காலைப் பார்த்தார்.

"இரண்டுக்கும்தான்" என்றார்.

தங்கமணி அவரை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள். பொய் சொல்லியிருந்தால் இந்த மனிதரை இனிமேல் வாசற்படி மிதிக்க விட்டிருக்க மாட்டாள்.

"அப்ப நாளைக்கு எண்ணெயோட வாங்க. பேரை எங்க ஊருப் பாஷையில சொல்லிட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, கைவண்டியை நகர்த்தச் சொல்லிச் சின்னையாவின் முதுகில் ஒன்று வைத்தாள்.